பெட்டி ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம்: கப்பல் ஏறுவதற்கு முந்தைய சில மணி நேரங்களின் வரலாறு

உல்லாசக் கப்பலில் முதல் தடவை போகிறவர்களிடம் பேசிப் பாருங்கள். கேபின் எப்படி, சாப்பாடு எப்படி என்பதெல்லாம் அப்புறம்தான். முதலில் வருகிற கேள்விகள் இரண்டு. "ஹோட்டல் அறையைக் காலையிலேயே காலி பண்ணணும், கப்பல் சாயங்காலம்தான் கிளம்புது, அதுவரைக்கும் பெட்டியை எங்கே வைக்கிறது?" என்பது ஒன்று. "அந்த நேரத்தை எப்படிப் போக்கறது?" என்பது இன்னொன்று.

இதற்கெல்லாமா ஒரு வரலாறு என்று தோன்றலாம். எனக்கும் இது ஒரு சின்ன விஷயமாகத்தான் பட்டது. ஆனால் பழைய கப்பல் பயணங்களைப் பற்றிப் படிக்கப் படிக்க, இந்த இரண்டு கேள்விகளும் ஒவ்வொரு காலத்திலும் திரும்பத் திரும்ப வருவதைப் பார்த்தேன். பதில்தான் ஆளுக்கு ஆள் மாறியிருக்கிறது. பணம் இருந்தவரின் பெட்டி தனியாகப் போனது, அவர் நேரம் மிச்சமானது. பணம் இல்லாதவரின் பெட்டியைப் பிடுங்கினார்கள், அவரது நேரத்தையும் சேர்த்துப் பிடுங்கினார்கள். இன்றைக்கு நாம் துறைமுக டெர்மினலில் வரிசையில் நிற்கிறோமே, அந்த ஏற்பாட்டில் இரண்டு பரம்பரையின் சாயலும் உண்டு. அதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

பெட்டி, படுக்கை

தமிழில் "பெட்டி படுக்கையைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டான்" என்று சொல்கிறோம். பெட்டி சரி, படுக்கை எதற்கு? ஒரு காலத்தில் பயணம் போகிறவர் தூங்குவதற்கு வேண்டியதையும் தானேதான் கொண்டுபோக வேண்டியிருந்தது. ரயிலிலும் அப்படித்தான், கப்பலிலும் அப்படித்தான். சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் பினாங்கு, சிங்கப்பூர் போய்க்கொண்டிருந்த 'ரஜூலா' கப்பலில் டெக் பயணிகளுக்குக் கட்டில் கிடையாது. பாயையோ ஜமக்காளத்தையோ விரித்த இடம்தான் அவர்களுடைய கேபின்.

அட்லாண்டிக்கைக் கடந்து அமெரிக்கா போன ஐரோப்பிய ஏழைகளின் நிலையும் பெரிதாக வேறு இல்லை. பாய்மரக் கப்பல் காலத்தில் வைக்கோல் மெத்தை, தகரத் தட்டு, தண்ணீர்ப் பாத்திரம் எல்லாமே அவர்களே வாங்கிக்கொண்டு ஏற வேண்டும். அப்படியென்றால் பெட்டி என்பது வெறும் துணிமணி இல்லை. கடலில் பல வாரங்களுக்கு வேண்டிய வீடே அதற்குள்தான் இருந்தது. அது தொலைந்தால் எல்லாமே தொலைந்த மாதிரி.

லிவர்பூல்: பெட்டியைப் பிடித்தால் ஆள் வருவான்

இதை நன்றாகப் புரிந்துவைத்திருந்தவர்கள் லிவர்பூல் துறைமுகத்து 'ரன்னர்'கள். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் அயர்லாந்துப் பஞ்சத்திலிருந்து தப்பி, அமெரிக்காவுக்குப் போவதற்காக லட்சக்கணக்கானவர்கள் லிவர்பூல் வழியாக வந்தார்கள். படகிலிருந்து இறங்கியதும் ஒருவன் ஓடி வந்து மூட்டையைத் தோளில் தூக்கிக்கொண்டு நடக்க ஆரம்பித்துவிடுவான். மூட்டைக்குச் சொந்தக்காரர் பின்னாலேயே ஓட வேண்டும். மூட்டை போய்ச் சேருகிற இடம் ஒரு தங்கும் விடுதி. அங்கே தூக்கி வந்ததற்குக் கூலி, தங்குவதற்கு வாடகை, டிக்கெட் வாங்கித் தருவதற்குக் கமிஷன், போகும் வழிக்கு வேண்டிய சாமான்களை இரட்டை விலைக்கு விற்கிற கடை என்று ஒவ்வொன்றாகக் காசு கறக்கப்படும்.

இந்த வியாபாரம் நடக்கக் காரணம் காத்திருப்புதான். பாய்மரக் கப்பலுக்கு நேரம் குறிக்க முடியாது. காற்று வர வேண்டும், சரக்கு ஏற வேண்டும். அறிவித்த தேதிக்குப் பல நாள் கழித்துக் கிளம்புவது சாதாரணம். அந்த நாட்களில் கையிருப்பு கரைந்துகொண்டே இருக்கும். ஒரு குடும்பம் கடலில் பட்ட கஷ்டத்துக்கு முன்னாலேயே கரையில் ஓட்டாண்டி ஆகிவிடும்.

பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்கு இது தெரிந்தே இருந்தது. 19ஆம் நூற்றாண்டில் வந்த பயணிகள் சட்டங்களில், கப்பல் குறித்த நாளில் கிளம்பாவிட்டால் பயணிக்குக் கப்பல்காரர் நாள்படி தர வேண்டும் என்ற விதி இருந்தது. நடைமுறையில் அது எத்தனை பேருக்குக் கிடைத்திருக்கும் என்பது வேறு விஷயம். ஆனால் அந்த விதி ஒப்புக்கொண்ட ஒரு விஷயம் முக்கியம்: காத்திருப்புக்கு ஒரு விலை உண்டு, அந்த விலையை யாராவது ஒருவர் கொடுத்தே ஆக வேண்டும்.

மூன்று லேபிள்கள்

நீராவிக் கப்பல் வந்த பிறகு நேரம் உறுதியானது. எந்த நாள், எத்தனை மணிக்குக் கிளம்பும் என்று அச்சிட்டுக் கொடுக்க முடிந்தது. இதனால் மேல் வகுப்புப் பயணிகளின் பெட்டிக்கு ஒரு தனி ஒழுங்கே உருவானது.

பி அண்ட் ஓ, குனார்டு, ஒயிட் ஸ்டார் போன்ற நிறுவனங்கள் பயணச் சீட்டோடு லேபிள்களும் கொடுத்தன. 'கேபின்' என்று ஒட்டினால் பெட்டி நேராக உங்கள் அறைக்கு வரும். 'பயணத்தில் தேவை' என்று ஒட்டினால் சாமான் அறைக்குப் போகும், குறித்த நேரத்தில் போய்த் திறந்து வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம். 'பயணத்தில் தேவையில்லை' என்று ஒட்டினால் அடித்தளக் கிடங்குக்குப் போய்விடும், ஊர் போய்ச் சேர்ந்த பிறகுதான் கண்ணில் படும். இந்தியாவுக்கு வந்த வெள்ளைக்கார அதிகாரி குளிர்நாட்டு உடுப்பை ஒரு பெட்டியிலும், செங்கடலைத் தாண்டும்போது வேண்டிய மெல்லிய உடுப்பை இன்னொன்றிலும் பிரித்து வைக்க வேண்டியிருந்தது இதனால்தான்.

பெட்டியின் வடிவமும் இதற்கேற்ப மாறியது. கோச்சு வண்டிக் காலத்துப் பெட்டிகளுக்கு மூடி வளைந்திருக்கும், மழைத் தண்ணீர் வழிந்து ஓடட்டும் என்று. அதை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்க முடியாது. பாரிஸில் லூயி வித்தோன் 1858-இல் தட்டையான மூடி வைத்த டிரங்குப் பெட்டியைக் கொண்டுவந்தார். கப்பல் கேபினில் படுக்கைக்கு அடியில் தள்ளிவைக்கிற மாதிரி உயரம் குறைந்த 'கேபின் டிரங்கு' தனி ரகமாகவே விற்பனையானது. நம் ஊர் வீடுகளின் பரணில் இன்றைக்கும் கிடக்கிற தகர டிரங்குப் பெட்டிக்கும் இந்தத் தட்டை மூடிப் பெட்டிகளுக்கும் தூரத்துச் சொந்தம் சொல்லலாம்.

இந்த இடத்தில் ஒரு கதையையும் தீர்த்துவிடுகிறேன். ஆங்கிலத்தில் ஆடம்பரத்தைக் குறிக்கிற 'பாஷ்' என்ற சொல், பி அண்ட் ஓ கப்பல்களில் போகும்போது இடதுபக்கம், வரும்போது வலதுபக்கம் அறை கேட்ட பணக்காரர்களின் பெட்டியில் அடித்த முத்திரையிலிருந்து வந்தது என்பார்கள். அந்தப் பக்கங்களில் வெயில் குறைவாம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அப்படி முத்திரை குத்திய ஒரு சீட்டோ லேபிளோ இதுவரை யார் கையிலும் கிடைத்ததில்லை. மொழி ஆய்வாளர்கள் இதைக் கட்டுக்கதை என்றே தள்ளுகிறார்கள்.

சரி, நேரத்துக்கு வருவோம். எல்லோருக்கும் தெரிந்த ஒரு கப்பலையே எடுத்துக்கொள்ளலாம். 1912 ஏப்ரல் 10, சவுத்தாம்ப்டன் துறைமுகம். டைட்டானிக் பகல் 12 மணிக்குக் கிளம்ப வேண்டும். லண்டன் வாட்டர்லூ நிலையத்திலிருந்து துறைமுகத்துக்கே நேராக வருகிற 'போட் டிரெயின்' இரண்டு. இரண்டாம், மூன்றாம் வகுப்புப் பயணிகளின் ரயில் காலை 9.30 வாக்கில் வந்துவிட்டது. முதல் வகுப்புப் பயணிகளின் ரயில் வந்தது 11.30 வாக்கில். அதாவது கப்பல் கிளம்ப அரை மணி நேரம் இருக்கும்போது. மூன்றாம் வகுப்பில் அமெரிக்காவில் குடியேறப் போகிறவர்களுக்கு மருத்துவப் பரிசோதனை, காகிதப் பரிசோதனை எல்லாம் உண்டு. முதல் வகுப்பில் போகிறவர் ரயிலிலிருந்து இறங்கி நடந்து ஏறினால் போதும். அவருடைய பெட்டி அவருக்கு முன்னாலேயே அறைக்குப் போயிருக்கும்.

காத்திருக்கும் நேரத்தைக் கூட டிக்கெட் விலைக்குத் தக்கபடி பங்கு போட்டிருக்கிறார்கள், பாருங்கள்.

ஹாம்பர்க், 1892

மூன்றாம் வகுப்புக்கு மட்டும் ஏன் இவ்வளவு சோதனை? அதற்கு இருபது வருஷம் பின்னால் போய், ஜெர்மனியின் ஹாம்பர்க் துறைமுகத்துக்கு வர வேண்டும்.

1891-இல் அமெரிக்கா ஒரு சட்டம் போட்டது. தொற்றுநோய் உள்ளவர்களையும், பிறரை அண்டிப் பிழைப்பார்கள் என்று கருதப்பட்டவர்களையும் திருப்பி அனுப்பலாம். திருப்பி அனுப்பும் செலவு ஏற்றிவந்த கப்பல் நிறுவனத்தின் தலையில். 1892 ஜனவரி 1-ஆம் தேதி நியூயார்க்கில் எல்லிஸ் தீவுச் சோதனை நிலையம் திறந்தது. அதுவரைக்கும் கப்பல் நிறுவனத்துக்கு ஏற்றிச் செல்வது மட்டும்தான் வேலை. இனிமேல் ஒரு ஆளை ஏற்றுவதற்கு முன்னாலேயே, இவரை அங்கே ஏற்றுக்கொள்வார்களா என்று பார்த்தாக வேண்டும். அமெரிக்காவின் எல்லை, ஒரு விதத்தில், ஐரோப்பியத் துறைமுகத்துக்கே வந்துவிட்டது.

அதே வருஷம் ஆகஸ்டில் ஹாம்பர்க்கில் காலரா. சில வாரங்களுக்குள் சுமார் 8,600 பேர் செத்தார்கள். ரஷ்யப் பேரரசிலிருந்து அமெரிக்கா போவதற்காக வந்து துறைமுகக் கொட்டகைகளில் காத்திருந்தவர்கள் மேல் உடனே பழி விழுந்தது. அவர்களில் பெரும்பாலோர் யூதர்கள், ஏழைகள். ஆனால் நோய் அந்த அளவுக்குப் பரவியதற்கு முக்கியமான காரணம் குழாய்த் தண்ணீர். ஹாம்பர்க் நகராட்சி எல்பே ஆற்றுத் தண்ணீரை வடிகட்டாமல் வீடுகளுக்கு விட்டுக்கொண்டிருந்தது. ஒட்டியே இருந்த அல்டோனா நகரமும் அதே ஆற்றிலிருந்துதான் எடுத்தது, ஆனால் மணலில் வடிகட்டிக் கொடுத்தது. அல்டோனா பெரும்பாலும் தப்பிவிட்டது. தெருவுக்கு இந்தப் பக்கம் சாவு, அந்தப் பக்கம் சாவு இல்லை என்கிற அளவுக்கு வித்தியாசம் தெரிந்தது.

இவ்வளவு தெளிவாக இருந்தும், மாற்றம் வந்தது இரண்டு இடத்தில். தண்ணீரை வடிகட்ட ஆரம்பித்தார்கள், அது சரி. ஏழைப் பயணிகளின் உடம்பையும் பெட்டியையும் சுத்தப்படுத்தவும் ஆரம்பித்தார்கள். ரஷ்ய எல்லை நெடுகிலும் சோதனை நிலையங்கள் வந்தன. ஹபாக் என்று சுருக்கமாகச் சொல்லப்படுகிற ஹாம்பர்க் அமெரிக்கன் லைனும், பிரேமனின் நார்த் ஜெர்மன் லாயிடும் அவற்றை நடத்தின. இது அவர்களுக்கு வியாபாரமும் ஆனது. எல்லையைத் தாண்டுகிறவரிடம் யாருடைய டிக்கெட் இருக்கிறது என்று பார்க்கிற வேலையும் கப்பல் நிறுவனத்தின் கையிலேயே வந்துவிட்டதே!

இந்த வழியாகப் போன ஒரு சிறுமி அதை எழுதிவைத்திருக்கிறாள். பெயர் மேரி ஆன்டின். 1894-இல் தாயோடும் உடன்பிறந்தவர்களோடும் ரஷ்யப் பேரரசின் பொலோட்ஸ்க் நகரிலிருந்து பாஸ்டனுக்குப் போனாள். பெர்லினுக்குப் பக்கத்தில் ரூலேபன் என்ற இடத்தில் ரயிலை நிறுத்தி எல்லோரையும் இறக்கினார்கள். வெள்ளை உடுப்புப் போட்டவர்கள் அதட்டிக்கொண்டே இருந்தார்கள். பெட்டிகளை ஒரு பக்கம் கொண்டுபோனார்கள், துணியைக் களையச் சொன்னார்கள், ஏதோ வழவழப்பானதைப் பூசிக் குளிப்பாட்டினார்கள். என்ன நடக்கிறது என்று யாரும் விளக்கவில்லை. கொள்ளையடித்துக் கொன்றுவிடுவார்களோ என்றுகூடப் பயந்தார்கள். பிறகு ஹாம்பர்க்கில் உயரமான சுவர்களுக்குள் இரண்டு வாரம் அடைத்துவைத்தார்கள். அந்தப் பயணத்தை அவள் தன் மாமாவுக்கு யித்திஷ் மொழியில் கடிதமாக எழுதினாள். அதுவே 1899-இல் ஆங்கிலத்தில் புத்தகமாக வந்தது.

பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் துறைமுகத்தில் ரெட் ஸ்டார் லைன் இதே வேலைக்கென்று தனிக் கட்டடம் கட்டியது. பெட்டிகளும் துணிகளும் பெரிய நீராவி உலைக்குள் போகும். ஆட்கள் இன்னொரு வழியாகக் குளியலறைக்குப் போய், மருத்துவரிடம் காட்டிவிட்டு வெளியே வர வேண்டும். தோல் பொருள்கள் நீராவியைத் தாங்காது என்பது தெரிந்ததே. இருக்கிற ஒரே நல்ல கோட்டையும் ஒரே ஜோடி செருப்பையும் எடுத்துக்கொண்டு கிளம்பியவருக்கு அந்த உலைக் கதவு எப்படித் தெரிந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அந்தக் கட்டடங்கள் 2013-லிருந்து அருங்காட்சியகமாக இருக்கின்றன.

ஒரே மனிதர், இரண்டு காத்திருப்பு

இப்போது கதையில் முக்கியமான ஆள் வருகிறார். ஆல்பர்ட் பாலின். 1857-இல் ஹாம்பர்க்கில் ஒரு எளிய யூதக் குடும்பத்தில் பிறந்தவர். அப்பா நடத்தியது குடியேறிகளுக்கு டிக்கெட் பிடித்துக் கொடுக்கிற ஏஜென்சி. அதாவது சின்ன வயதிலிருந்தே மூட்டை முடிச்சோடு காத்திருக்கிறவர்களைப் பார்த்து வளர்ந்தவர். 1886-இல் ஹபாக்கில் சேர்ந்தார், 1899-இல் அதன் தலைமை இயக்குநர் ஆனார். அவர் காலத்தில் அது உலகத்திலேயே பெரிய கப்பல் நிறுவனமாக வளர்ந்தது.

ஹபாக்குக்கு ஒரு பிரச்சினை இருந்தது. குளிர்காலத்தில் வடக்கு அட்லாண்டிக்கில் பயணிகள் குறைந்துவிடுவார்கள், பெரிய வேகக் கப்பல்கள் சும்மா கட்டிக் கிடக்கும். பாலின் யோசித்தது: ஆட்கள் எங்காவது போய்ச் சேருவதற்காக இல்லாமல், சும்மா சுற்றிப் பார்ப்பதற்காகவே கப்பலை ஓட்டினால் என்ன? 1891 ஜனவரி 22-ஆம் தேதி 'அகஸ்டா விக்டோரியா' 241 பயணிகளோடு குக்ஸ்ஹாஃபனிலிருந்து மத்தியதரைக் கடலுக்குக் கிளம்பியது. கிட்டத்தட்ட இரண்டு மாதப் பயணம். பாலினும் கூடப் போனார்.

உல்லாசப் பயணம் அதற்கு முன்னாலும் இருந்தது. 1844-இல் பி அண்ட் ஓ நிறுவனம் எழுத்தாளர் தாக்கரேயை மத்தியதரைக் கடலுக்கு ஓசியில் அழைத்துப் போய் எழுதவைத்தது. 1867-இல் மார்க் ட்வைன் போன 'குவேக்கர் சிட்டி' பயணம் இன்னும் பிரபலம். ஆனால் வருஷா வருஷம் நடக்கிற தொழிலாக இதை ஆக்கியதில் பாலினுக்குப் பெரிய பங்கு உண்டு. உல்லாசப் பயணத்துக்கென்றே 1900-இல் கட்டப்பட்ட 'பிரின்ஸெசின் விக்டோரியா லூயிஸே' கப்பலும் அவர் யோசனைதான்.

அதே பாலின்தான் 1901-இல் ஹாம்பர்க்கின் வெடல் தீவில் குடியேறிகளுக்கான காத்திருப்பு வளாகத்தையும் திறந்தார். பிறகு விரிவாக்கி, சுமார் 5,000 பேர் தங்குகிற அளவுக்கு அது வளர்ந்தது. அது ஒரு சின்ன ஊர் மாதிரி. படுக்கைக் கூடங்கள், சாப்பாட்டுக் கூடங்கள், யூதர்களுக்குத் தனிச் சமையல், தேவாலயம், யூத ஆலயம், வாத்தியக் கோஷ்டி வாசிக்க ஒரு மேடை. கொஞ்சம் காசு கூட உள்ளவர்களுக்கு வளாகத்துக்குள்ளேயே விடுதி அறைகள். லிவர்பூல் ரன்னர்களிடம் மாட்டியவர்கள் பார்த்திருந்தால் சொர்க்கம் என்றிருப்பார்கள்.

ஆனால் வளாகத்துக்கு இரண்டு பக்கம் இருந்தது. வந்து இறங்குகிற பக்கம் 'அசுத்தம்'. குளித்து, பெட்டியும் துணியும் கிருமிநீக்கம் ஆகி, மருத்துவர் பார்த்த பிறகுதான் 'சுத்தமான' பக்கத்துக்குப் போக முடியும். நகரத்தைவிட்டுத் தள்ளி ஒரு தீவில் அதைக் கட்டியதற்குக் காரணமும் இதுதான். ஏமாற்றுக்காரர்களிடமிருந்து குடியேறிகளைக் காப்பாற்றியது. ஹாம்பர்க்வாசிகளின் கண்ணிலிருந்து குடியேறிகளை மறைத்தது. இரண்டும் ஒரே சுவரால் நடந்தது.

இதில் பாலினை வில்லனாக்கவும் வேண்டாம், வள்ளலாக்கவும் வேண்டாம். அவர் கணக்குத் தெரிந்தவர். உல்லாசப் பயணியின் ஓய்வு நேரத்தை விற்கலாம் என்று கண்டுகொண்டார். குடியேறியின் காத்திருப்பு நேரத்தை ஒழுங்காக நடத்தாவிட்டால் கப்பல் திரும்பி வரும்போது நஷ்டம் என்பதையும் கண்டுகொண்டார். அவருடைய நிறுவனத்தின் செழிப்பில் பெரும் பங்கு கீழ்த்தளத்தில் போன அந்த ஏழைகளின் டிக்கெட் காசு. 1850-க்கும் 1930-களுக்கும் இடையில் ஹாம்பர்க் வழியாகப் போனவர்கள் சுமார் 50 லட்சம் பேர் என்கிறார்கள்.

மண்டபம் கேம்ப்

இதை வாசிக்கும் தமிழருக்கு, குறிப்பாக மலையகத் தொடர்பு உள்ளவர்களுக்கு, இதெல்லாம் எங்கேயோ கேட்ட கதை மாதிரி இருக்கும். நாம் ஐரோப்பாவுக்குப் போக வேண்டியதே இல்லை. ராமேஸ்வரம் ரயிலில் பாம்பன் பாலத்துக்கு முன்னால் 'மண்டபம் கேம்ப்' என்று ஒரு நிலையம் வருகிறது அல்லவா? அந்தக் 'கேம்ப்' இதுதான்.

1914-இல் பாம்பன் பாலமும், தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பலும் வந்தன. எழும்பூரில் போட் மெயிலில் ஏறி, தனுஷ்கோடியில் இறங்கிக் கப்பல் ஏறி, தலைமன்னாரில் மறுபடி ரயில் ஏறினால் கொழும்பு. டிக்கெட் வாங்கின துரைகளுக்கும் வியாபாரிகளுக்கும் ஐரோப்பிய போட் டிரெயின் போலவே வசதியான பயணம். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குக் கங்காணிகள் கூட்டிப்போன தொழிலாளிகளுக்கு வேறு ஏற்பாடு. இலங்கை அரசு இந்திய மண்ணிலேயே, மண்டபத்தில், ஒரு தொற்றுத்தடை முகாமை நடத்தியது. குடும்பம் குடும்பமாக அங்கே சில நாட்கள் நிறுத்தி, குளிக்கவைத்து, துணிகளை ஆவியில் கிருமிநீக்கம் செய்து, அம்மைகுத்தி, பிறகுதான் கப்பலுக்கு அனுப்பினார்கள். எல்லிஸ் தீவின் சோதனை ஹாம்பர்க்குக்கு வந்த மாதிரி, இலங்கையின் சோதனை மண்டபத்துக்கு வந்தது.

ஒரு விஷயத்தில் இங்கே ஹாம்பர்க்கைவிட ஒரு படி மேலே போனார்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தகர வில்லை முறை வந்தது. தொழிலாளி எந்தத் தோட்டத்துக்குப் போகிறார் என்பதற்கான அடையாள எண் அடித்த தகர வில்லை, அவரிடமே கட்டிவிடப்படும். வழியெல்லாம் அதைப் பார்த்து அவரை அனுப்பிவைப்பார்கள், செலவைத் தோட்டத்தின் கணக்கில் எழுதுவார்கள். முதல் வகுப்புப் பயணியின் டிரங்குப் பெட்டியில் ஒட்டின லேபிள் செய்த அதே வேலையை இந்த வில்லை செய்தது. ஒரே வித்தியாசம், இங்கே லேபிள் ஆளின் மேலேயே இருந்தது. அவருடைய மூட்டைக்குத் தனியாக எதுவும் தேவைப்படவில்லை.

மண்டபம் முகாமின் கதை அதோடு முடியவில்லை. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்தது, பிறகு ராமேஸ்வரத்திலிருந்து கப்பல் போனது. அதே 1964-இல் போட்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி மலையகத் தமிழர்கள் லட்சக்கணக்கில் திருப்பி அனுப்பப்பட்டபோது, அவர்களில் பலர் பெட்டி படுக்கையோடு வந்து தங்கியதும் மண்டபத்தில்தான். 1980-களிலிருந்து போருக்குத் தப்பி வந்த ஈழத் தமிழ் அகதிகளும் அங்கே வந்தார்கள். போகிறவர்களும் வருகிறவர்களும் காத்திருந்த இடம் ஒன்றே.

இன்றைய டெர்மினல்

1921-லும் 1924-லும் அமெரிக்கா குடியேறிகளுக்கு நாடுவாரியாக ஒதுக்கீடு வைத்ததும், கீழ்த்தளம் காலியானது. கப்பல் நிறுவனங்கள் அந்த இடத்தையே கொஞ்சம் சரிசெய்து, மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் 'டூரிஸ்ட்' வகுப்பு என்று விற்றன. 1958-இல் ஜெட் விமானங்கள் அட்லாண்டிக்கைக் கடக்க ஆரம்பித்த பிறகு, ஊர் போய்ச் சேருவதற்காகக் கப்பலில் போகிறவர்கள் குறைந்துபோனார்கள். மிச்சமிருந்தது பாலினின் குளிர்கால யோசனை மட்டும்தான். அதுதான் இன்றைய க்ரூஸ் தொழில். 2022 ஜூனில் சென்னைத் துறைமுகத்திலிருந்தும் அப்படி ஒரு கப்பல் ஓட ஆரம்பித்தது.

இன்றைக்கு நடப்பதைக் கொஞ்சம் கவனியுங்கள். காலையில் கப்பல் வந்து சேரும். பல ஆயிரம் பேர் இறங்குவார்கள், மாலைக்குள் பல ஆயிரம் பேர் ஏறுவார்கள். இடையில் அறையெல்லாம் சுத்தம் செய்து, சாமான் இறக்கி ஏற்றி, உணவுப் பொருள் நிரப்ப வேண்டும். துறைமுகத்தில் ஒரு நாள் கூட நின்றால் கட்டணம், அதனால் எல்லாம் ஒரே பகலில். உங்களுக்கு 'இத்தனை மணிக்கு வாருங்கள்' என்று நேரம் குறித்துக் கொடுப்பது இதற்காகத்தான்.

பெட்டிக்கு அறை எண் போட்ட பட்டையை நீங்களே அச்சிட்டு, மாட்டிக்கொண்டு வருகிறீர்கள். வாசலில் போர்ட்டர் வாங்கிக்கொள்வார். எக்ஸ்ரே முடிந்து, சாயங்காலமோ ராத்திரியோ அறை வாசலில் இருக்கும். அதுவரை கையில் ஒரு சின்னப் பைதான். பாஸ்போர்ட், மாத்திரை, கண்ணாடி, மாற்றுத் துணி ஒன்று அதில் இருக்க வேண்டும் என்று அனுபவசாலிகள் சொல்வார்கள். 'கேபின்', 'பயணத்தில் தேவை' என்று நூறு வருஷத்துக்கு முன்னால் பிரித்த அதே பிரிவினைதான் இது. பெட்டியும் ஆளும் தனித்தனி வாசல் வழியாகப் போவது முதல் வகுப்பிலிருந்து வந்தது. வரிசை, உடல்நலப் படிவம், காகிதச் சோதனை, நுழையும் பக்கம் வேறு ஏறும் பக்கம் வேறு என்ற கட்டட அமைப்பு எல்லாம் வெடலையும் ஆன்ட்வெர்ப்பையும் நினைவூட்டுகின்றன. கூடுதல் பணம் கொடுத்தால் முன்னால் ஏறலாம் என்ற வசதியைப் பார்க்கும்போது சவுத்தாம்ப்டனின் 9.30 ரயிலும் 11.30 ரயிலும் நினைவுக்கு வராமல் இருக்காது.

பெரிய வித்தியாசம் ஒன்று உண்டு, அதைக் குறைத்துச் சொல்லக் கூடாது. இன்றைய பயணி தன் பெட்டியை விரும்பிக் கொடுக்கிறார், திரும்ப வரும் என்று தெரிந்து கொடுக்கிறார். மூன்று நான்கு மணி நேரம் கையில் கிடைத்தால் ஊர் சுற்றுகிறார். மேரி ஆன்டினுக்கும், மண்டபத்தில் இறக்கப்பட்டவர்களுக்கும், பெட்டி எங்கே போகிறது, எத்தனை நாள் இருக்க வேண்டும் என்பதை யாரும் சொல்லவில்லை. காத்திருப்பை ஓய்வு என்பதா சிறை என்பதா என்பது அந்தத் தகவலைப் பொறுத்துத்தான் இருக்கிறது.

கடைசியாக வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். மேரி ஆன்டினைப் போல எழுதிவைத்த சிறுமி மண்டபத்தில் இருந்தாளா என்று தேடிக்கொண்டிருக்கிறேன். அரசாங்கத்தின் கோப்புகளில் எத்தனை பேர் போனார்கள், எவ்வளவு செலவு என்ற எண்கள் கிடைக்கின்றன. அவர்களுடைய மூட்டையில் என்ன இருந்தது என்பது கிடைப்பதில்லை. உங்கள் வீட்டில் அந்த முகாம் வழியாகப் போனவரோ, திரும்பி வந்தவரோ யாராவது இருந்தால், என்ன பெட்டி கொண்டுபோனார்கள், அதற்குள் என்ன வைத்திருந்தார்கள், எத்தனை நாள் காத்திருந்தார்கள், அந்த நாட்களில் என்ன செய்தார்கள் என்று ஒரு தடவை கேட்டு எழுதி வையுங்கள். கேட்க ஆள் இருக்கும்போதே கேளுங்கள்.